"இன்றிலிருந்து நான் புதியவன்": ஆள் மாறிவிட்டதாகச் சொன்னால் ஆள் மாறுமா?

கடைசிபெஞ்ச் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் கம்பெனியில் டீம் லீடர்கள் எல்லோரையும் இரண்டு நாள் ஒரு ஹோட்டல் ஹாலில் உட்காரவைத்துப் பயிற்சி நடத்தினார்கள். முதல் நாள் மாலை ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து, மேலே "பழைய நான்" என்று எழுதி, பயம், சோம்பல், கோபம் எல்லாவற்றையும் கீழே எழுதச் சொன்னார் டிரெயினர். எழுதியதைக் கிழித்து மேடையில் இருந்த பிளாஸ்டிக் வாளியில் போட்டுவிட்டு, மைக்கைப் பிடித்து "இன்றிலிருந்து நான் புதியவன்" என்று சொல்ல வேண்டும். பின்னணியில் பாட்டு. எங்கள் அக்கவுண்ட்ஸ் மேனேஜர், ஆடிட் நேரத்தில்கூட முகம் மாறாதவர், விம்மி விம்மி அழுதுவிட்டார். மறுநாள் கிளம்பும்போது வாசல் மேசையில் அடுத்த லெவல் கோர்ஸுக்கான படிவம் இருந்தது. அன்றே பணம் கட்டினால் தள்ளுபடி.

கிண்டலுக்காக எழுதவில்லை. அந்த அழுகை நிஜம், பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஆனால் "நீ யார் என்பதை மாற்று, மற்றதெல்லாம் தானாக மாறும்" என்ற இந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது? இதில் சரக்கு இருக்கிறதா, இல்லை வெறும் சவுண்டா?

நாளைக்குப்பார்ப்போம்

இப்படி ஒரு இழை வந்தால் எல்லோரும் சேர்ந்து டிரெயினரைக் கும்முவார்கள் என்று தெரியும். அதற்கு முன்னால் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். ஒரு காலத்தில் வீட்டு வாசலில் காலிங் பெல்லை அழுத்தவே கை நடுங்கும். இப்படி ஒரு ஹாலில்தான், இப்படி ஒரு மைக்கில்தான் முதன்முதலாக நாலு பேர் முன்னால் பேசினேன். வாளியோ பாட்டோ, எனக்கு வேலை செய்தது. காசும் கொஞ்சம் போனது, மறுக்கவில்லை. போகாமல் இருந்திருந்தால் இன்னும் சித்தப்பா கடையில் கல்லாவில்தான் உட்கார்ந்திருப்பேன்.

குளக்கரை

கல்லூரியில் உளவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் கொஞ்சம் வரலாறு சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹோட்டல் ஹால், வார இறுதி, கும்பல் முன்னால் கண்ணீர் என்ற இந்த அச்சை உலகமெங்கும் பரப்பியதில் பெரும்பங்கு 1971இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய 'எஸ்ட்' பயிற்சிக்கு உண்டு. இரண்டு வார இறுதிகள், மொத்தம் 60 மணி நேரம். இடையில் எழுந்து பாத்ரூம் போவதற்குக்கூடக் கட்டுப்பாடு. நடத்தியவர் வெர்னர் எர்ஹார்ட். அது அவர் பிறந்தபோது வைத்த பெயர் இல்லை. பிலடெல்பியாவில் கார் விற்றுக்கொண்டிருந்த ஜான் ரோசன்பர்க், 1960இல் மனைவியையும் நாலு குழந்தைகளையும் விட்டுவிட்டுக் கிளம்பினார். வழியில் ஒரு பத்திரிகையில் ஜெர்மனியைப் பற்றிப் படித்த கட்டுரையிலிருந்து இயற்பியல் விஞ்ஞானி வெர்னர் ஹைசன்பர்கின் முதல் பெயரையும், அந்நாட்டு அமைச்சர் லுட்விக் எர்ஹார்டின் பின்பெயரையும் எடுத்து ஒட்டிக்கொண்டார். ஆளே புதிது. வீட்டுக்குப் பல ஆண்டுகள் தகவல் இல்லை. "பழைய நீ ஒரு கதைதான், அதைத் தூக்கிப் போடு" என்று பிறருக்குப் போதித்தவர், முதலில் தூக்கிப் போட்டது நாலு பிள்ளைகளை. பிரச்சாரம் செய்பவரின் வாழ்க்கையை வைத்துப் பிரச்சாரத்தை எடைபோடக் கூடாது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்தத் தொழிலில் விற்பனைச் சரக்கே அவருடைய வாழ்க்கைதானே?

இன்னொன்று. உங்கள் டிரெயினர் "21 நாளில் புதுப் பழக்கம் ஒட்டிக்கொள்ளும்" என்று சொல்லியிருப்பாரே?

கடைசிபெஞ்ச்

சொன்னார் சார். அட்டையே கொடுத்தார், 21 கட்டம் போட்டது. தினமும் டிக் அடிக்க வேண்டும்.

குளக்கரை

அந்த 21 கிளம்பிய இடம் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன். மூக்கை, முகத்தை மாற்றிக்கொண்ட நோயாளிகள் கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதினார். வருகிறவர் போகிறவர் எல்லாம் "குறைந்தது" என்பதை விழுங்கிவிட்டு, முகத்தையும் விட்டுவிட்டு, 21ஐ மட்டும் வைத்துக்கொண்டார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பின்தொடர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சின்னப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொள்ள நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள், பழக்கத்துக்குப் பழக்கம் கணக்கு வேறு: 18 நாளிலிருந்து 254 நாள் வரை. இது சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது, பழம் தின்பது, சாயங்காலம் ஓடுவது போன்றவற்றுக்கு. "ஆளே மாறுவது" பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

வேதக்கோயில்தெரு

எங்கள் ஊர்ப்பக்கம் பெந்தெகொஸ்தே சபைகளில் சாட்சி சொல்வார்கள், கேட்டிருக்கிறீர்களா? அதற்கென்றே ஒரு வார்ப்பு உண்டு. முன்பு நான் எப்படிக் கெட்டு அலைந்தேன், எந்த நாளில் தொடப்பட்டேன், இப்போது எப்படி இருக்கிறேன். ஹோட்டல் ஹாலில் நடப்பது இதேதான், ஆண்டவரை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் மைண்ட்செட்டை வைத்திருக்கிறார்கள்.

சின்ன வயதிலிருந்து கேட்டவள் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே ஆள் வருஷா வருஷம் சாட்சி சொல்லும்போது பாவம் கூடிக்கொண்டே போகும். முதல் வருஷம் பீடி குடித்தவர், நாலாவது வருஷம் கத்தி வைத்துக்கொண்டு திரிந்தவர் ஆகிவிடுவார். பொய் என்று சொல்லமாட்டேன். பள்ளம் ஆழமாக இருந்தால்தான் மேடு தெரியும் என்று கேட்கிறவர்களே அவரை அந்தப் பக்கம் தள்ளுகிறார்கள். எங்கள் அத்தை ஒரு நாள் எரிச்சலில், "இவன் அப்போ இவ்வளவு கெட்டவனா இருந்திருந்தா நான் பொண்ணு குடுத்திருப்பேனா?" என்று கேட்டுவிட்டார்.

ஆனாலும் சபையில் ஒரு விஷயம் உண்டு, ஹாலில் அது கிடையாது. அடுத்த ஞாயிறும் அதே முகங்கள். சனிக்கிழமை நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பது அங்கே நாலு பேருக்காவது தெரியும்.

இன்றுமட்டும்

எப்போதும் படித்துவிட்டுப் போகிறவன், இன்று எழுதுகிறேன். நான் ஒரு குடிநோயாளி. குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போகிறவன். அந்த அமைப்பின் சார்பில் பேசவில்லை, அப்படிப் பேசும் வழக்கமும் எங்களுக்கு இல்லை. என் அனுபவம் மட்டும்.

முதலில் மாலை. கார்த்திகை பிறந்தால் நானும் மாலை போடுவேன். விடியற்காலை பச்சைத்தண்ணிக் குளியல், காலில் செருப்பு கிடையாது, கறுப்பு வேட்டி, சவரம் செய்யாத தாடி. வீட்டில் எனக்குத் தனிப் பாத்திரம். பெற்ற அம்மாவே "சாமி, சாப்பிட வாங்க" என்று கூப்பிடும். டீக்கடையில் "சாமிக்கு ஒரு டீ" என்று தனி கிளாஸ் வரும். தினமும் என்னோடு டாஸ்மாக் வாசலில் நின்ற கூட்டாளிகள் எதிரே வந்தால் கும்பிட்டு ஒதுங்குவார்கள். ஒரு மண்டலம் முழுக்கச் சொட்டுக்கூடத் தொட்டதில்லை, தொடத் தோன்றியதும் இல்லை. மலைக்குப் போய் இருமுடி இறக்கி, வீட்டுக்கு வந்து அம்மா கையால் மாலையைக் கழற்றுவேன். அன்று ராத்திரியே கறிக்குழம்பும் குவார்ட்டரும். எங்கள் தெருவில் பாதிப் பேர் இப்படித்தான். அப்படியென்றால் அந்த ஒரு மண்டலம் நான் புது ஆளா, வேஷமா? ரொம்ப நாள் மண்டையைக் குடைந்த கேள்வி. வேஷம் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சுற்றி இருந்த எல்லோரும் சேர்ந்து என்னைச் சாமியாக வைத்திருந்தார்கள். கழற்றியதும் அவர்களும் விட்டுவிட்டார்கள், நானும் விட்டுவிட்டேன்.

அப்புறம் சத்தியங்கள். குழந்தை தலையில் அடித்துச் செய்தது, கோயிலில் கற்பூரம் அணைத்துச் செய்தது. ஒவ்வொரு தடவையும் "இனி நான் வேற ஆளு" என்றுதான் சொன்னேன். சொன்ன அன்றைக்கு வரும் நிம்மதி இருக்கிறதே, பாதிக் காரியம் முடிந்துவிட்ட மாதிரி இருக்கும்.

கூட்டம் இதற்கு நேர் எதிர். ஒரு சர்ச் பள்ளிக்கூடத்தின் வகுப்பறை, பிளாஸ்டிக் நாற்காலி, பிளாஸ்க்கில் டீ. எழுந்து நின்று பெயரைச் சொல்லி "நான் ஒரு குடிநோயாளி" என்போம். நேற்று வந்தவரும் அதையேதான் சொல்வார், என் பையன் பிறப்பதற்கு முன்பே நிறுத்திய பெரியவரும் அதையேதான் சொல்வார். "குடிநோயாளியாக இருந்தேன்" என்று யாரும் சொல்வதில்லை. புது ஆள் ஆகிவிட்டேன் என்ற அறிவிப்பு அங்கே கிடையாது. இன்று ஒரு நாள் குடிக்கவில்லை, அவ்வளவுதான். கட்டணமும் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், இருந்தால் போடலாம்.

1935இல் அமெரிக்காவில் ஏக்ரன் என்ற ஊரில் இதைத் தொடங்கிய பில் வில்சன் பங்குச்சந்தைக்காரர், பாப் ஸ்மித் டாக்டர். இரண்டு பேரும் குடித்துச் சீரழிந்தவர்கள். அடுத்தவன் குடிகாரனோடு உட்கார்ந்து பேசினால் அந்த நேரம் தான் குடிப்பதில்லை என்று கண்டுகொண்டதுதான் அவர்கள் தொடக்கம். பன்னிரண்டு படிகளில் முதல் படியே "என்னால் முடியவில்லை" என்று ஒப்புக்கொள்வது. உங்கள் ஹாலில் இதைச் சொன்னால் டிரெயினர் வெளியே அனுப்பிவிடுவார்.

நாளைக்குப்பார்ப்போம்

@இன்றுமட்டும் மரியாதையோடு கேட்கிறேன் அண்ணே. ஆயுசு முழுக்க "நான் நோயாளி" என்று சொல்லிக்கொண்டே இருப்பது மனசைக் கீழே இழுக்காதா? எங்கள் பயிற்சியில் முதலில் சொல்லிக்கொடுத்ததே இதற்கு நேர்மாறு. சிகரெட் நீட்டினால் "விட முயற்சி பண்றேன்" என்று சொல்லாதே, "நான் புகைப்பதில்லை" என்று சொல். அது சரிதானே?

இன்றுமட்டும்

சரிதான் தம்பி, உங்களுக்கு வேலை செய்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். எங்களிலும் அந்த வாசகம் ஒத்துவராமல் போனவர்கள் இருக்கிறார்கள், தப்பே இல்லை. எனக்கு என்னவென்றால், "நான் சரியாகிவிட்டேன்" என்று எப்போதெல்லாம் நினைத்தேனோ அப்போதெல்லாம்தான் "சரியான ஆள் ஒரு பீர் குடித்தால் என்ன" என்ற அடுத்த யோசனை வந்தது.

குளக்கரை

இன்றுமட்டும் சொன்ன அந்த "பாதிக் காரியம் முடிந்த மாதிரி நிம்மதி" என்பதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் குழு, 2009. சட்டம் படிக்கும் மாணவர்கள், நல்ல வக்கீல் ஆக வேண்டும் என்ற ஆசை உள்ளவர்கள். "நன்றாகப் படிப்பேன்" என்ற தங்கள் எண்ணத்தை இன்னொருவர் படித்துத் தெரிந்துகொண்டார் என்று அறிந்தவர்கள், அது யாருக்கும் தெரியாமல் போனவர்களைவிடக் குறைவாகத்தான் உழைத்தார்கள். பார்த்து ஒருவர் தலையாட்டியதே பட்டம் வாங்கிய மாதிரி ஆகிவிட்டது. மைக்கில் "நான் புதியவன்" என்பதும், 60 பேர் கைதட்டுவதும் இதுதான் என்பது என் வாசிப்பு. குடிநோயாளி என்று அறிவிப்பதில் அந்த ஆபத்து இல்லை. அங்கே யாருக்கும் பட்டம் கிடைப்பதில்லை.

சொல்லின் மாயம் பற்றியும் ஒரு எச்சரிக்கை. "வாக்களியுங்கள்" என்பதற்குப் பதில் "வாக்காளராக இருங்கள்" என்ற தொனியில் கேட்டால் ஓட்டுப் போடுபவர்கள் கணிசமாகக் கூடுகிறார்கள் என்று 2011இல் அமெரிக்காவில் ஒரு கட்டுரை வந்து பெரும் பரபரப்பு. பிறகு இன்னும் பெரிய அளவில் வேறொரு குழு செய்து 2016இல் வெளியிட்டபோது அந்த விளைவையே காணோம். சூழ்நிலை வேறு என்று முதல் குழு வாதாடியது. பயிற்சிக்காரர்கள் ஸ்லைடில் 2011 மட்டும்தான் இருக்கும்.

இன்றுமட்டும் போகும் கூட்டங்களைப் பற்றிக் கணக்கும் உண்டு. 2020இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வு 27 ஆய்வுகளை, 10,565 பேரைச் சேர்த்துப் பார்த்தது. இந்தப் பன்னிரு படி வழியில் போனவர்களில் ஓராண்டு கழித்து முழுதாக நிறுத்தியிருந்தவர்கள் 100க்கு 42 பேர், மற்ற சிகிச்சைகளில் 35 பேர். மந்திரம் ஒன்றும் இல்லை. 58 பேர் மறுபடி குடித்திருக்கிறார்கள். ஆனால் இலவசம்.

எதிர்க்கடை

தாலுகா ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் பேசுவதெல்லாம் மனசுக்குள் மாறுவது. என் கடைக்கு வருகிறவர்கள் பேப்பரில் மாறுகிறவர்கள். அரசிதழ் பெயர் மாற்றத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பேன். இன்னாரின் மகன் இன்னார், பிறந்த தேதி, சொந்த ஊர், குடியிருக்கும் விலாசம், இனிமேல் இந்தப் பெயரில் அழைக்கப்படுவேன். அவ்வளவுதான் வாசகம். காரணம் என்ற இடத்தில் பாதிப் பேருக்கு எண்கணித ஜோதிடம். ஒரு எழுத்தைக் கூட்டினால் கடன் தீரும், பெண்ணுக்கு வரன் அமையும். மறுபடி வந்து இன்னொரு எழுத்தைக் குறைத்தவர்களும் உண்டு.

அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: அரசிதழ் வந்ததும் ஆளாகிவிட்டதாக நினைக்காதீர்கள். அப்புறம்தான் ஆதார், பான், பேங்க் பாஸ்புக், ரேஷன் கார்டு, சொத்துப் பத்திரம். ஆதாரில் பெயரைப் பொதுவாக இரண்டு முறைக்கு மேல் மாற்ற விடமாட்டார்கள். மாறிக்கொண்டே இருப்பவனை ஆதார் பொறுத்துக்கொள்ளாது.

மல்லிகைப்பந்தல்

எதிர்க்கடை அண்ணா, உங்கள் கடை மாதிரி ஒரு கடையில்தான் நானும் படிவம் நிரப்பினேன். நான் திருநங்கை. "எப்போ மாறினீங்க" என்று எல்லோரும் கேட்பார்கள். நான் மாறவில்லை, பேப்பரைத்தான் மாற்றினேன். 2014இல் உச்ச நீதிமன்றம், தேசிய சட்டப் பணிகள் ஆணையம் (நல்சா) தொடுத்த வழக்கில் பாலினத்தைத் தீர்மானிப்பது அவரவர் உரிமை என்று சொல்லிவிட்டது. ஆனாலும் அடையாள அட்டைக்குப் போனால், நான் எப்போது உணர்ந்தேன், எப்படி உணர்ந்தேன் என்று கதை கேட்கிறார்கள். வேதக்கோயில்தெரு அக்கா சொன்ன சாட்சி மாதிரியே: முன்பு இருட்டு, ஒரு நாள் திருப்பம், இப்போது வெளிச்சம். எனக்கு அப்படி ஒரு திருப்பமே கிடையாது. அது இல்லாமல் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

நீலவானம்

இவ்வளவு நேரம் தனி மனிதர் மாறுவதைப் பற்றியே பேச்சு. கூட்டமாக மாறியதை யாரும் எடுக்கவில்லையே?

அம்பேத்கர் 1935 அக்டோபரில் இயோலாவில் "இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாகமாட்டேன்" என்று அறிவித்தார். நாக்பூரில் பௌத்த தீட்சை எடுத்தது 1956 அக்டோபர் 14. நடுவில் 21 ஆண்டு. (21 நாள் அட்டைக்காரர் கவனிக்க.) அந்த இடைவெளியில் ஒவ்வொரு மதமாகப் படித்தார், விவாதித்தார், பேரம்கூட நடந்தது. அன்று லட்சக்கணக்கானோர் முன்னால் சந்திரமணி பிக்குவிடம் தாம் தீட்சை பெற்று, பிறகு மக்களுக்குத் தாமே 22 உறுதிமொழிகளைச் சொல்லிக்கொடுத்தார்.

அந்த 22ஐ ஒருமுறை வரிசையாகப் படித்துப் பாருங்கள். இந்தத் தெய்வங்களை வணங்கமாட்டேன், சிராத்தம் செய்யமாட்டேன், பிண்டம் வைக்கமாட்டேன், பிராமணரை வைத்துச் சடங்கு நடத்தமாட்டேன், திருடமாட்டேன், மது குடிக்கமாட்டேன். நாளைக் காலையில் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் என்ன செய்வாய், செய்யமாட்டாய் என்பதுதான் முக்கால்வாசி. "எனக்கு இது மறுபிறப்பு" என்ற வரி 21ஆவதாகத்தான் வருகிறது. ஹோட்டல் ஹாலில் அதுதான் முதல் வரி, அதுவேதான் கடைசி வரியும்.

தமிழ்நாட்டிலும் இதற்கு முன்னோடி உண்டு. அயோத்திதாசர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடுவது என்று தீர்மானம் போட்டார்கள். இன்று நம்மில் பெரும்பாலோர் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்தோடு நிற்கிறோம் என்றால் அதன் பலன். பட்டம் போனது, சாதி போகவில்லை என்பீர்கள், அதுவும் உண்மைதான்.

எதிர்க்கடை

அதைச் சொல்லத்தான் வந்தேன். பட்டம் இல்லாத பெயரோடு வருகிறவர்தான் அடுத்த படிவமாகச் சாதிச் சான்றிதழ் கேட்பார். வேண்டாம் என்றவர் திருப்பத்தூர் வழக்கறிஞர் ஸ்நேகா. சாதி, மதம் இல்லாதவர் என்ற சான்றிதழை 2019 பிப்ரவரியில் வாங்கினார், அதற்கு எத்தனையோ வருஷம் அலைந்து.

நாளைக்குப்பார்ப்போம்

நீலவானம், ஒரு சின்ன எதிர்ப்பு. அம்பேத்கரையும் இரண்டு நாள் டிரெயினிங்கையும் ஒரே தராசில் வைப்பது எங்களுக்கு நியாயமில்லை. நான் உலகத்தை மாற்ற வரவில்லை, காலிங் பெல்லை அழுத்த வந்தேன்.

நீலவானம்

அது சரி நண்பா, ஒப்புக்கொள்கிறேன். உங்களுக்கு மறுபிறப்பு தேவைப்படவில்லை, பேசிப் பழக ஒரு மேடை தேவைப்பட்டது. அதை அந்தப் பெயரில் அந்த விலைக்கு விற்றிருந்தால் எனக்கும் சண்டை இல்லை. விலை என்று வந்ததால் ஒன்று: நாக்பூரில் மாறியவர்களுக்கும் விலை இருந்தது. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டும்தான் பட்டியல் சாதி. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், பௌத்தரைச் சேர்த்தது 1990இல். 34 ஆண்டுகள் மத்திய அரசின் இட ஒதுக்கீட்டை விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் பௌத்தர் என்று எழுதினார்கள். அதைத் தாங்கமுடியாமல் ஏட்டில் பழையபடி எழுதியவர்களும் உண்டு, அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

புதுமுகம்

எல்லோரும் பெரிய விஷயம் பேசுகிறீர்கள், நடுவில் என் சொந்தக் கேள்வி, மன்னிக்கவும். இன்றுமட்டும் அண்ணா, என் வீட்டுக்காரர் நேற்று மறுபடி சத்தியம் செய்தார். திங்கள்கிழமையிலிருந்து சுத்தமாக நிறுத்துகிறேன், நீ பார்க்கப்போவது வேறு மனுஷன் என்கிறார். தினமும் காலையிலேயே குடிக்கிறவர். கூட்டத்துக்கு எப்படிக் கூட்டிப்போவது?

இன்றுமட்டும்

தங்கச்சி, முதலில் திங்கள்கிழமையை விடுங்கள். காலையிலேயே குடிக்கும் அளவுக்குப் போனவர் திடீரென்று ஒரேயடியாக நிறுத்தினால் கைகால் நடுக்கம், பிதற்றல், சிலருக்கு வலிப்புகூட வரும். உயிருக்கே ஆபத்து. அதனால் நிறுத்துவதற்கு முன்பே டாக்டரிடம் காட்டி, தினமும் எவ்வளவு குடிக்கிறார் என்று மறைக்காமல் சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவில் பார்ப்பார்கள். சில நாள் படுக்கையில் வைத்து மருந்து கொடுத்து இறக்குவார்கள்.

கூட்டத்துக்கு அவரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் போங்கள். குடும்பத்தினருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் தனியாக உண்டு, அவர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் நீங்கள் போகலாம். எந்த ஊர் என்று தனிமடலில் சொல்லுங்கள், பக்கத்தில் எங்கே, எந்தக் கிழமை நடக்கிறது என்று விசாரித்துச் சொல்கிறேன்.